மேசை நீரூற்று: அறை குளிருமா, காது குளிருமா?

கேள்வி: பாளையங்கோட்டை வாசகர், 6 மே 2025

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மாடி அறையில் உட்கார முடியவில்லை. மேசைமேல் வைக்கும் சிறிய நீரூற்று ஒன்றை வீட்டிலேயே செய்யலாம் என்று இருக்கிறேன். கடையில் பார்த்தவை எல்லாம் பிளாஸ்டிக் பாறையும் விளக்கும் வைத்த பொம்மைகள், விலையும் கூடுதல். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் ஏ.சி. இல்லாமலேயே அறை குளிரும் என்கிறார் அலுவலக நண்பர். பம்பு எத்தனை வாட் வாங்க வேண்டும்? மண்ணில் செய்யலாமா, சிமெண்டிலா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

6 மே, இரவு

குளிராது. நண்பர் சொன்னதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது, ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். மேசை நீரூற்றில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் ஆவியானால் 0.34 யூனிட். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 18 வாட் பம்பை 24 மணி நேரமும் ஓட்டினால் 0.43 யூனிட் செலவு. அந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகி அதே அறைக்குள்தான் கிடக்கும். எடுத்ததைவிடப் போட்டது அதிகம். போதாததற்கு ஈரப்பதம் ஏறி, வியர்வை காயாமல் உடம்பு கசகசக்கும்.

அறை குளிர வேண்டுமென்றால் வெட்டிவேர்த் தட்டியை வாங்கி ஜன்னலில் கட்டி நனையுங்கள். அதற்குப் பரப்பு பெரிது, காற்றும் அதற்குள் நுழைந்து வருகிறது. நீரூற்றைக் காதுக்காகச் செய்யுங்கள். இதை நீங்கள் ஒத்துக்கொண்டால் மேற்கொண்டு எழுதுகிறேன், அண்ணாச்சி.

7 மே

ஒத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. பம்பிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு வீரவநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் தொழில்.

கிணற்று மோட்டார், மிக்ஸி, மின்விசிறி எது வந்தாலும் கட்டிக் கொடுப்பேன். இந்தச் சின்ன நீர்மூழ்கி பம்பை மட்டும் கட்ட முடியாது. காயிலைச் சுற்றி எப்பாக்ஸி ஊற்றி இறுக மூடியிருப்பார்கள். தண்ணீருக்குள் பயமில்லாமல் கிடப்பது அதனால்தான். எரிந்துபோனால் குப்பையில் போட வேண்டியதும் அதனால்தான். உள்ளே அசையும் உறுப்பு ஒன்றே ஒன்று. உருளையான காந்தம், அதன் தலையில் இம்பெல்லர், அதாவது நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம். முன்மூடியைக் கழற்றினால் இரண்டும் சேர்ந்து கையோடு வந்துவிடும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். எந்தப் பக்கம் சுற்றும் என்பது ஸ்விட்சைப் போடும் நொடியைப் பொறுத்தது. ஒருமுறை இடம், இன்னொருமுறை வலம். இம்பெல்லர் இதழ்களை வளைக்காமல் நேராக விட்டிருப்பதன் காரணம் அதுவே. இரண்டு பக்கம் சுற்றினாலும் தண்ணீர் வெளியேதான் போகும்.

பெட்டியில் 1.8 மீட்டர் உயரம் என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். அந்த உயரத்தில் நீர் வெளியே கொட்டாது, குழாய்க்குள் ஏறி நிற்கும், அவ்வளவுதான். மேசைக்கு 30, 40 செ.மீ. உயரம் போதும் என்பதால் 18 வாட் பம்பே அதிகப்படிதான். வெளியேறும் பக்கத்தில், சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் சிறு வால்வு ஒன்றைப் போட்டு நெரியுங்கள். வெளிவாயை நெரித்தால் இந்த வகைப் பம்புக்குச் சுமை குறையுமே தவிரக் கூடாது. உறிஞ்சும் வாயை நெரித்தால் கத்தும்.

குழாய்க்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபே போதும். பம்பின் மூக்கில் ஏற மறுத்தால் நுனியை வெந்நீரில் அரை நிமிடம் முக்குங்கள்.

7 மே, சிறிது நேரம் கழித்து

மின்சாரத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் என் தொழிலுக்கு அழகில்லை. குழந்தைகள் நடமாடும் வீடென்றால் 230 வோல்ட் பம்பு வேண்டாம். 12 வோல்ட் பம்பும் அடாப்டரும் வாங்குங்கள். கைப்பேசி சார்ஜரில் ஓடும் 5 வோல்ட் பம்பும் இருக்கிறது, சின்னத் தட்டுக்கு அது போதும். 230 வோல்ட்தான் என்றால் வீட்டில் 30 மில்லி ஆம்பியருக்கு அணையும் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்க வேண்டும். வயர் பிளக்குக்குள் நுழையும் முன்பு பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கட்டும். வயரைப் பிடித்துக்கொண்டு வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சுவருக்குப் போகாது.

11 மே, ஞாயிறு

மண்ணா சிமெண்டா என்ற கேள்விக்கு என் பதில் மண். சிமெண்டில் பல நாள் சுண்ணாம்பு ஊறிக்கொண்டே இருக்கும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைக்கும் பொறுமை இருப்பவர்கள் அதில் இறங்கலாம்.

காருகுறிச்சி எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே ஒரு வேளாரிடம் பெரிது, நடு, சிறிது என்று மூன்று தட்டுகள் சொல்லி, பெரியதைத் தவிர மற்ற இரண்டிலும் நடுவில் துளை கேட்டேன். சக்கரத்திலிருந்து அறுத்து எடுத்த தட்டை உடனே துளைக்க அவர் விடவில்லை. நிழலில் வைத்துவிட்டு, அவ்வப்போது கட்டைவிரல் நகத்தால் விளிம்பை அழுத்திப் பார்த்தார். நகம் உள்ளே இறங்காமல் கோடு மட்டும் விழும் பதம் வந்ததும், ஒரு தகரக் குழாயைச் சுழற்றிச் சுழற்றி இறக்கினார். பணியார மாவில் விரல் விட்டதுபோல மண் சுருண்டு வெளியே வந்தது. பிறகு ஈரத்துணியால் துளையின் உதட்டை இரண்டு பக்கமும் வழித்துவிட்டார். அங்கே ஒரு சிறு பிசிறு நின்றாலும் சூளையில் விரிசல் அதிலிருந்துதான் கிளம்புமாம். மண் காய்ந்து சுடும்போது பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும் என்பதால், 12 மி.மீ. குழாய்க்கு 14 மி.மீ. துளை போடுவதே சரி.

சுட்ட பாத்திரத்தில்தான் துளைக்க வேண்டும் என்றால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். டைல்ஸ் துளைக்கும் பிட்டைப் போட்டு, சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டு, அடியில் மரக்கட்டை கொடுத்து, மெதுவாக. அவசரப்பட்டால் இரண்டு துண்டு.

ஒரு செய்தி. முதலில் நான் கேட்டது குடம். குடம் சாய்ந்து நீர் வழிவதுபோல் ஒரு யோசனை வைத்திருந்தேன். வேளார் தலையை ஆட்டிவிட்டார். "தட்டில் போடுகிறேன், சட்டியில் போடுகிறேன், குடத்தில் ஓட்டை போட்டுக் கொடுக்க மாட்டேன் தம்பி" என்றார். துளை வழியே நீர் ஒழுகும் குடம் எந்த நாளில் தோளேறும் என்பதை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

12 மே

மூடநம்பிக்கை என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். இருக்கட்டுமே. வீட்டில் வயதானவர்கள் நாள் முழுக்கப் பார்க்கப்போகிற பொருள். அவர்கள் கண்ணில் படும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கிடும் உருவத்தை வைத்துத்தான் நான் பகுத்தறிவை நிலைநாட்ட வேண்டுமா? வேறு வடிவமா இல்லை உலகத்தில்?

18 மே

தட்டு வந்தது, அடுக்கினேன், பம்பைப் போட்டேன், மேசை நனைந்தது என்று பாளையங்கோட்டை அண்ணாச்சி எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் நடப்பதுதான்.

மெதுவாக வழியும் நீர் விளிம்பைத் தாண்டியதும் கீழே குதிப்பதில்லை. உருண்டையான விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கமாக மடங்கி, தட்டின் வயிற்றைத் தடவிப் போய், நாம் நினைக்காத இடத்தில் சொட்டும். குளம் மறுகால் பாயும்போது நீர் எம்பிக் குதிக்கிறது என்றால் அங்கே நீரின் கனமும் வேகமும் அப்படி. மேசையில் அந்த வேகம் இல்லை. ஆகவே விளிம்பைத்தான் திருத்த வேண்டும்.

வழிகள் பல. விளிம்பில் சிறு நாக்கு ஒன்றை முன்னால் நீட்டி, கூராக முடிக்கச் சொல்லலாம். சுட்ட பிறகு என்றால் உப்புத்தாள் கொண்டு விளிம்பின் கீழ்முனையைக் கூராக்கலாம். ஜன்னல் சன்ஷேடின் அடியில் கொத்தனார் ஒரு கோடு வெட்டி வைத்திருப்பார், பார்த்திருக்கிறீர்களா? மழைநீர் சுவருக்குப் போகாமல் அந்தக் கோட்டில் தடுக்கிச் சொட்டுவதற்காக. அதே கோட்டைத் தட்டின் அடியிலும் கீறலாம். எல்லாவற்றிலும் எளிது: விளிம்பின் அடிப்பக்கத்தில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். மெழுகில் நீர் ஒட்டாது. அழகாகவும் இருக்காது, ஆனால் அடிப்பக்கத்தை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

இன்னொன்று. மூன்று பக்கமும் நீர் வழிய வேண்டும் என்று மூன்று நாக்கு வைத்துவிட்டால் மூன்றிலும் வராது. எது ஒரு நூல் தாழ்ந்திருக்கிறதோ அதில்தான் எல்லா நீரும் போகும். தட்டின் கீழே ரப்பர்த் துண்டு கொடுத்து மட்டம் பாருங்கள். மட்டக்கோல் வேண்டாம், தண்ணீரே காட்டிவிடும். அப்படியும் பிடிவாதம் பிடித்தால் ஒரே நாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒற்றை வீழ்ச்சி பார்க்கவும் நன்றாகவே இருக்கிறது.

19 மே

"ஓடும்போது சரியாக இருக்கிறது, கரண்ட் போனால் வழிகிறது" என்று மூலைக்கரைப்பட்டியிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார்.

ஓடும்போது குழாயிலும் மேல் தட்டுகளிலும் நிற்கும் நீரை மறந்துவிட்டீர்கள் அம்மா. பம்பு நின்றதும் அதெல்லாம் கீழே வந்து சேரும். குழாயின் நுனி மேல்தட்டு நீருக்குள் முங்கியிருந்தால், தட்டில் உள்ளதும் குழாய் வழியே பின்னோக்கி உறிஞ்சப்பட்டு இறங்கும். ஆகவே நுனி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். தண்ணீர் ஊற்றும்போது பம்பை நிறுத்தி வைத்து ஊற்றுங்கள். நின்ற நிலையில் அடித்தட்டு இரண்டு விரல் குறைய நிற்க வேண்டும். ஓடும் நிலையில் பம்பு முழுவதும் முங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே தட்டில் அமையவில்லை என்றால் தட்டு சிறிது, பெரியது வாங்குங்கள். வேறு வைத்தியம் கிடையாது.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் பம்பு உறுமுகிறது என்றால் பம்பைக் குறை சொல்லாதீர்கள். மலிவான இன்வெர்ட்டர்கள் சதுர அலையைத் தருபவை. காந்தம் அதற்கு அப்படித்தான் முனகும்.

27 மே

இந்த வருடம் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை மே 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. மேற்கே மேகம் கட்டி நிற்கிறது. வெயிலைப் பற்றித் தொடங்கிய பேச்சு, இனி ஒலியைப் பற்றி.

முதல் நாள் நான் நீரூற்றை ஓடவிட்டபோது வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல் அம்மா எழுந்துவந்து, "மேலே டேங்க் நிரம்பி வழிகிறது, மோட்டாரை நிறுத்தவில்லையா?" என்றார். நீரூற்றைக் காட்டினேன். போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்துவந்து அடுப்படிக் குழாயைத் திருகிப் பார்த்தார். காலம் முழுக்கத் தண்ணீருக்குக் காவல் இருந்த காது அது. ஒழுகும் சத்தம் கேட்டுக்கொண்டே எப்படித் தூங்கும்? தியானம், மன அமைதி என்று பெட்டியில் அச்சடிப்பவர்கள் நம் வீட்டு அம்மாக்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

அப்போதுதான் ஒலியைக் கவனிக்கத் தொடங்கினேன். சொட்டு விழும் ஓசையில் பெரும்பங்கு சொட்டு நீரில் மோதுவதால் வருவதில்லை. சொட்டு விழுந்த குழிக்குள் சிறு காற்றுக் குமிழி மாட்டிக்கொள்கிறது. அது விம்மி அதிர்வதுதான் நமக்குக் கேட்கிறது. மின்னார்ட் என்ற இயற்பியலாளர் 1933-இல் இதற்குச் சூத்திரம் எழுதினார். ஒரு மி.மீ. ஆரமுள்ள குமிழி என்றால் நொடிக்கு மூவாயிரத்துச் சொச்சம் அதிர்வு, மூன்று மி.மீ. என்றால் ஆயிரத்துச் சொச்சம். குமிழி சிறுத்தால் ஓசை கூரியது, பருத்தால் கனத்தது. இது தெரிந்துவிட்டால் நீரூற்றுக்குச் சுருதி சேர்க்கலாம்.

நான் பார்த்தவரை இப்படி: ஈரக் கூழாங்கல்மேல் மெல்லிய படலமாக வழிந்தால் சீறல் மட்டும், அதுவும் பக்கத்தில் போனால்தான் கேட்கும். நாலு விரல் உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக, மூன்று நான்கு செ.மீ. ஆழமுள்ள நீரில் விழுந்தால் 'களுக் களுக்'. மெல்லிய ஒற்றைத் தாரையாக ஆழமான நீரில் விழுந்தால், மன்னிக்கவும், பக்கத்து அறையில் யாரோ ஒதுங்கியிருப்பதுபோலவே இருக்கும். விருந்தாளிகள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தாரை விழும் இடத்தில் ஒரு கல்லை நிறுத்தி உடைத்துவிடுங்கள்.

குற்றாலம் மாதிரி சத்தம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: தென்காசி பஸ் ஏறுங்கள்.

28 மே

பம்பின் ஒலியை அடக்காமல் நீரின் ஒலியைப் பற்றிப் பேசுவது வீண் என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். முழுக்கச் சரி. பம்பு கிடக்கும் பாத்திரம் எவர்சில்வர் என்றால் அது உடன்சேர்ந்து பாடும். பிளாஸ்டிக் அல்லது மண் நல்லது. பம்பின் கீழே பாத்திரம் துலக்கும் பஞ்சில் ஒரு துண்டு வையுங்கள், பம்பின் உடம்பு சுவரில் முட்டாமல் பாருங்கள். திடீரென்று கர்ரென்று கத்தினால் பம்புக்குள் காற்று புகுந்திருக்கிறது; ஒருமுறை நிறுத்தி, நீருக்குள்ளேயே சாய்த்துக் குலுக்கினால் குமிழி வெளியேறிவிடும்.

15 ஜூன்

கல். தாமிரபரணியில் பொறுக்கலாமா என்று கேட்கிறார்கள். காரையாறு, மணிமுத்தாறு அருவிப் பக்கமெல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988 முதல் அப்படி, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். அங்கிருந்து கல்லோ குச்சியோ எடுத்து வருவது குற்றம். பையில் நாலு கல்தானே என்று நினைக்காதீர்கள். செடி விற்கும் நர்சரியில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. வாங்கிய கல்லைக் கழுவுங்கள். சிலவற்றில் மினுமினுப்புக்காக எண்ணெயோ மெழுகோ தடவியிருப்பார்கள், நீரில் படலம் கட்டும்.

உவரிப் பக்கத்துக் கடற்கரைக் கருமணலை அடியில் பரப்பினால் அழகாக இருக்குமே என்று ஒரு தம்பி. இருக்கும், பம்பு நிற்கும் வரை. ஒரு காந்தத் துண்டை அந்த மணலில் காட்டிப் பாருங்கள், தாடி முளைத்துவிடும். பம்புக்குள் இருப்பதும் காந்தம்தான். மணல் போய் அதன்மேல் அப்பிக்கொண்டு, சுற்றுகிற இடைவெளியை அரைத்துத் தின்றுவிடும். எந்த மணலும் வேண்டாம். பம்பின் வாய்க்குப் பழைய கொசுவலைத் துண்டைச் சுற்றி நூலால் கட்டுங்கள்.

29 ஜூன்

நாங்குநேரியிலிருந்து எழுதியவருக்கு. உங்கள் தட்டில் படியும் வெள்ளைக்கு இரண்டு காரணம் உண்டு, கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். தட்டின் வெளிப்புறத்தில் பொடியாகப் பூத்தால் மண்ணின் துளைகள் வழியே கசிந்து காய்ந்த உப்பு. பானைத் தண்ணீர் குளிர்வதும் அந்தக் கசிவால்தான், அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மர மேசையில் வட்டம் விழும். அடியில் ஒரு பீங்கான் தட்டு வையுங்கள், அல்லது உட்புறம் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு அடியுங்கள்.

நீர் விழும் இடத்தில் கெட்டியாக ஓடுபோல் படிந்தால் அது ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்பு. நீர் ஆவியாக ஆவியாக மிச்சமுள்ளது செறிவாகும். நீங்கள் மேலே ஊற்றிக்கொண்டே போகிறீர்கள், சுண்ணாம்பு சேர்ந்துகொண்டே போகிறது. 30 செ.மீ. அகலத் தட்டில் ஒரு செ.மீ. மட்டம் குறைந்தால் ஏறத்தாழ 700 மி.லி. போயிருக்கிறது என்று பொருள். அந்த 700 மி.லி.யின் சுண்ணாம்பு உங்களிடமே நிற்கிறது. ஊற்றி நிரப்புவதை விட்டு, வாரம் ஒருமுறை முழுதும் கொட்டிவிட்டு மாற்றுங்கள். மழைநீர் இருந்தால் அதைவிட மேல் எதுவும் இல்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரிலும் சுண்ணாம்பு கிடையாது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள், ஊரின் உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

படிந்ததை எடுக்க எலுமிச்சைச் சாறு. பம்பின் காந்தத்தைக் கழற்றி, நடுவிலுள்ள மெல்லிய தண்டோடு சாற்றில் போட்டு வையுங்கள், நுரைத்து விடும். தண்டு பீங்கான், கீழே விழுந்தால் ஒடியும். பித்தளைக்குப் புளி போடுவதுபோல் இதற்கும் போடலாமா என்றால், புளி சுண்ணாம்போடு சேர்ந்து எளிதில் கரையாத இன்னொரு உப்பைத்தான் உண்டாக்கும். எலுமிச்சையே இருக்கட்டும்.

12 ஜூலை

ஆனித் தேரோட்டக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு நெல்லையப்பர் கோவிலுக்குப் போய்வந்தேன். இந்த இழையில் மின்சாரம் இல்லாத நீரூற்று பற்றி யாரும் பேசவில்லையே என்று வரும் வழியில் தோன்றியது.

சிவன் கோவில்களில் கோடையில் லிங்கத்துக்கு மேலே தொங்கும் தாராபாத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அடியில் ஒரு துளை, சொட்டுச் சொட்டாக அபிஷேகம். சில இடங்களில் துளையில் தர்ப்பையைச் செருகி அளவாக்குவார்கள். துளையுள்ள பாத்திரம் ஆகாது என்ற பேச்சு அங்கே எழுவதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 12 மே குறிப்பில் என்னோடு சண்டை போட்டவருக்கு இதை இனாமாகத் தருகிறேன். வீட்டில் ஒரு சிறு செம்பை அப்படித் தொங்கவிட்டு, கீழே தட்டில் சொட்ட விட்டால் பம்பு, வயர், உறுமல் ஒன்றும் இல்லை. ஒரு குறை: நிறைந்திருக்கும்போது வேகம், வற்ற வற்ற மந்தம். மட்டம் கால்பங்குக்கு வந்தால் வேகம் பாதியாகும்.

இன்னொன்று ஹீரோன் செய்த ஊற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்தவர். மூன்று பாத்திரம்: மேலே திறந்த தட்டு, நடுவில் நீர் நிறைந்த மூடிய கலம், அடியில் காற்று மட்டும் உள்ள மூடிய கலம். மேல்தட்டு நீர் குழாய் வழியே அடிக்கலத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்த காற்று நெருக்கப்பட்டு இன்னொரு குழாயில் நடுக்கலத்துக்கு ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் நடுக்கல நீர் மேல்தட்டுக்கு மேலே பீறிட்டு அடிக்கும். பார்ப்பவர்கள் மந்திரம் என்பார்கள். நடுக்கலம் காலியானதும் மந்திரம் தீர்ந்துவிடும். தண்ணீர் பாட்டில்களும் டியூபும் போதும், மூட்டுகளில் மட்டும் காற்றுப் போகாமல் எம்-சீல் அப்ப வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதே தெரியாது.

13 ஜூலை

புகை கிளப்பும் வில்லை போடலாமா? அது ஒலிக்கு எட்டாத அதிர்வால் நீரைப் பொடியாக்குகிறது. நீரில் உள்ள சுண்ணாம்பும் சேர்ந்தே பறந்து தொலைக்காட்சியின்மேல் வெள்ளையாகப் படியும், மூச்சுக்குள்ளும் போகும். வேண்டாம்.

2 ஆகஸ்ட்

கொசு. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தெருவுக்கு வந்தபோது என் நீரூற்றை ஓர் அம்மா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். ஓடும் நீரில் முட்டை இடாது என்று நான் சொன்னேன். "ராத்திரி நிறுத்துவீர்கள்தானே?" என்றார். பதில் இல்லை.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீருக்குள் முட்டை இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக் கணக்கில் சாகாது, நீர் ஏறியதும் பொரிக்கும். நம் வெப்பத்தில் எட்டுப் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே 29 ஜூன் குறிப்பில் வாரம் ஒருமுறை கொட்டி மாற்றச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மாற்றினால் மட்டும் போதாது, தட்டுகளின் உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கல் இடுக்குகளையும் விடாதீர்கள். வழுவழுவென்ற தட்டு இதற்கு வசதி. பாறை, குகை என்று மடிப்பு மடிப்பாக வைத்துச் செய்தவர்கள் பாடு கஷ்டம்.

தேய்த்துக் கழுவும் பழக்கம் வந்துவிட்டால் பாசியும் தொல்லை தராது. வெயில் படாத இடத்தில் வைத்தால் பாதிப் பாசி குறையும்.

9 ஆகஸ்ட்

மூன்றடுக்கை விட்டுவிட்டேன். அம்மாவின் தூக்கம் ஒரு காரணம், கழுவும் வேலை இன்னொன்று. இப்போது ஒரே அடித்தட்டு, நடுவில் பாட்டி இஞ்சி இடித்த சின்னக் கல்லுரல். உரலைத் துளைக்கவில்லை; குழாயைப் பின்பக்கமாக ஏற்றி, குழிக்குள் நீர் சொரிய வைத்திருக்கிறேன். குழி நிறைந்து, கருங்கல்லின் உடம்பு முழுக்கப் படலமாக வழிகிறது. ஒலி மிகக் குறைவு. அடுக்கு வேண்டும் என்பவர்கள் செய்யட்டும், மே மாதம் எழுதியது எதுவும் மாறவில்லை. எனக்கு இது போதும் என்று தோன்றுகிறது.

ஒலி வேண்டும், ஆனால் அறைக்குள் நிறையக் கூடாது என்பவர்களுக்கு ஜப்பானியத் தோட்டங்களில் ஒரு வழி உண்டு. சுயிகின்குட்சு என்பார்கள். அடியில் துளையுள்ள பானையைக் கவிழ்த்துப் புதைப்பார்கள். துளை வழியே சொட்டு உள்ளே தேங்கிய நீரில் விழும்போது பானை முழங்கி மணியோசைபோல் கேட்கும். பானை மண்ணுக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. காருகுறிச்சியில் கேட்டுப் பார்க்க வேண்டும். வேளார் என்ன சொல்வாரோ.

சிரட்டையில் அடுக்கலாமா என்று கேட்டவருக்கு: அடுக்கலாம். சாயம் இறங்கும், நீர் தேநீர் நிறமாகும். நிறம் நிற்கும்வரை நீரை மாற்றி ஊற வைத்துவிட்டு அடுக்குங்கள்.

17 ஆகஸ்ட்

ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம், நீர் வற்றிப் பம்பு எரியாமல் இருக்க என்ன செய்வது என்று பாளையங்கோட்டை அண்ணாச்சி கேட்கிறார். கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும் டப்பா மாதிரி, பாட்டிலை நிரப்பித் தட்டுக்குள் கவிழ்த்து நிறுத்தலாம். மட்டம் பாட்டிலின் வாய்க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் காற்று உள்ளே போய் நீர் வெளியே வரும். வீட்டில் இருக்கும் நாட்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆளில்லாத வீட்டில் எதற்காக ஓட வேண்டும்? பிளக்கைப் பிடுங்குங்கள், நீரைக் கொட்டுங்கள், தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். பம்பின் காந்தத்தைக் கழற்றித் துடைத்துத் தனியாக வைத்தால் திரும்பி வந்ததும் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்காமல் சுற்றும்.